எழுபத்திரண்டு மணி நேரம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி.
டண்டி மருத்துவமனையின்
இயன்முறைச் சிகிச்சைக் கூடத்தில் எட்டு நாற்காலிகள்.
நடுநடுவே மஞ்சள் டேப் ஒட்டிய தூரம்.
நடைபழகும் கம்பிகளில் எங்கள் கோட்டுகள்.
ஜன்னல் திறந்தே இருக்கவேண்டும் என்பது விதி;
டே ஆற்றுக் குளிரும்
பெயர் பதியாமல் வந்து உட்கார்ந்துகொண்டது.

எழுதச் சொல்லித்தர வந்த எய்லி
ஆளுக்கொரு பென்சிலை உறையில் போட்டுத் தந்தாள்.
பழக்கதோஷம், என்னுடையதை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
பச்சைப் பெயின்ட் விரலோடு வந்தது.

"நோயைத்தான் எழுதவேண்டும் என்றில்லை."
பெரிய டாக்டர் ஃபெர்கஸ்
போன கோடையில் தன் தக்காளிச் செடிகள்
பூஞ்சை பிடித்து ஒவ்வொன்றாய்ச் சாய்ந்ததை எழுதினார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மருந்தகத்து மோராக் ஒரே ஒரு வரி எழுதி
அதைச் சுற்றி அரைமணி நேரம் கட்டம் கட்டினாள்.
மரிட்டெஸ் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.
சரிந்த கை தாளில் இழுத்த கோட்டை
எழுத்தாகவே சேர்த்துக்கொண்டாள் எய்லி.

எனக்குத் தெரிந்ததெல்லாம் குறிப்பு.
நேரம். அளவு. 'நோயாளி திருப்பப்பட்டார்.'
யார் திருப்பியது என்று
அந்த வாக்கியத்துக்குக் கவலையில்லை.
எட்டிப் பார்க்க முடியாத தூரத்திலிருந்து எய்லி,
நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு:
"இதில் கைகள் எங்கே?"

சரி, கைகள்.
ஒருவரைக் குப்புறப் போட ஏழு பேர் வேண்டும்.
தலைமாட்டில் குழாயைப் பிடித்தபடி நான் எண்ணுவேன்.
மூன்று என்னும்போதே திருப்பவேண்டும்,
மூன்றுக்குப் பிறகு அல்ல.
ஜனவரியில் என் மகள் குப்புற விழுந்தாள்.
கொழுக்கட்டை அவித்தோம்,
இந்த ஊர் அரிசி மாவில் அத்தனையும் வெடித்தது.
அதே வாரம்தான் மிஸ்டர் கின்னியர் வந்தார்,
வயது அறுபத்தெட்டு, கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர்.
முகத்தைவிட அவர் முதுகுதான் எனக்குப் பழக்கம்.
தோள்பட்டைக்குக் கீழே பச்சை குத்திய பெயர்: நெட்டா.
கடைசி எழுத்து தோலோடு சேர்ந்து சுருங்கியிருக்கிறது.
படிவத்தில் மனைவி பெயர் ஜீன்.
தினமும் நான்கு மணிக்கு போன் செய்வார்.
நெட்டாவைப் பற்றி
நாங்கள் ஏழு பேரும் மூச்சு விடவில்லை.

'இப்போது குப்புறக் கிடக்கிறார்' என்று முடித்தேன்.

எழுதிய தாள்களை நீலத் தட்டில் போடவேண்டும்.
எழுபத்திரண்டு மணி நேரம் யாரும் தொடக்கூடாது,
தொற்றுத் தடுப்புப் பிரிவின் உத்தரவு.
வெள்ளி மாலைதான் எய்லி எடுத்துப் படிப்பாள்.
ஃபெர்கஸின் தக்காளிகள் மேல்
என் தாளும் குப்புறக் கிடந்தது.

வியாழன் விடியற்காலை நான்கு பத்து.
அவரை மல்லாக்கத் திருப்பினோம்.
இந்த முறை எண்ணவேண்டிய அவசியமில்லை.
எண்ணினேன்.

தாளில் இன்னும் கிடக்கிறார்.
ஓரிரு எழுத்தை மாற்றினால் போதும்.
இரண்டு தடவை கூடத்துக்குப் போய் நின்றேன்.
தட்டின் மேல் சிவப்பில் எழுதியிருந்தது, தொடாதீர்.
தொடவில்லை.
நான் விதிக்குப் பயந்த ஆள்.

அடுத்த செவ்வாய் தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலில் இரண்டு குறிப்பு:
நிகழ்காலம் நன்றாகப் பொருந்துகிறது.
நெட்டா யார்?

அன்றைக்குப் பயிற்சி, யாருக்காவது ஒரு கடிதம்.
'அன்புள்ள ஜீன்' என்று தொடங்கி அடித்தேன்.
மறுபடி அதையே எழுதி மறுபடி அடித்தேன்.
இன்னும் எத்தனை நிமிடம் என்று கண்விழித்தாள் மரிட்டெஸ்.
நான்கு என்றாள் எய்லி.

அன்புள்ள நெட்டா,
ஒன்பது நாளில் ஆறு முறை அவரைக் குப்புறப் போட்டோம்.
ஒவ்வொரு முறையும்
உன் பெயர்தான் மேலே வந்தது.